ஒரு ராப் பாடகர் தன் பாட்டுக்குத் தானே எழுதிய உரை: ஜே-ஸீயின் 'டிகோடட்'

சுயசரிதை என்று நினைத்து இந்தப் புத்தகத்தை வாங்கினால் ஏமாந்துபோவீர்கள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறந்தது, வளர்ந்தது, கல்யாணம், கச்சேரி என்று வரிசையாக எதுவும் வராது. ஜே-ஸீ என்கிற ஷான் கார்ட்டர் தன்னுடைய 36 பாடல்களை எடுத்து, வரிகளை முழுதாக அச்சிட்டு, வரிக்கு மேலே எண் போட்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் 'இங்கே நான் சொன்னது இது, இதற்குள் ஒளித்து வைத்தது இது' என்று குறிப்பு எழுதியிருக்கிறார். பாடல்களுக்கு நடுவே கட்டுரைகள். அந்தக் கட்டுரைகளில்தான் வாழ்க்கை வருகிறது, அதுவும் பாட்டுக்குத் தேவைப்படுகிற அளவுக்கு மட்டும்.

நமக்குப் பழக்கமான பெயரில் சொன்னால் இது உரைநூல். குறளுக்குப் பரிமேலழகர் எழுதினாரே, அந்த வகை. இங்கே மூலத்தை எழுதியவரே உரையையும் எழுதியிருக்கிறார், அதுதான் வித்தியாசம். நமக்கு அந்தப் பாக்கியம் கிடைத்ததில்லை. இந்த அடியில் இந்தச் சொல்லை ஏன் போட்டேன் என்று எந்தச் சங்கப் புலவரும் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை; நூற்றாண்டுகள் கழித்து வந்த உரைகாரர்கள்தான் நமக்குக் கைகொடுத்தார்கள். அதனாலேயே இந்தப் புத்தகத்தின் அமைப்பு எனக்கு முதல் பத்துப் பக்கத்திலேயே பிடித்துப்போனது.

நான் பாட்டு எழுதுகிறவன். குறும்படங்களுக்கும் தனிப்பாடல்களுக்கும் பதினோரு வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தப் புத்தகத்தை மூன்று முறை படித்திருக்கிறேன், மூன்று முறையும் பாட்டு எழுதுகிறவனாகத்தான் படித்தேன். ராப் கேட்டே பழக்கமில்லாத ஒருவருக்கு இது எப்படி இருக்கும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

புத்தகம் என்கிற பொருளைப் பற்றி முதலில். 2010 நவம்பரில் அமெரிக்காவில் ஸ்பீகல் அண்ட் கிராவ் பதிப்பகம் வெளியிட்டது. என்னிடம் இருப்பது கெட்டி அட்டைப் பதிப்பு, இணையத்தில் ஒரு பழைய புத்தக வியாபாரியிடம் வாங்கினேன். இவ்வளவு கனமான புத்தகத்தை ஒற்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அனுப்பிவிட்டார்கள், ஒரு மூலை மடங்கித்தான் வந்தது. உள்ளே சேதம் ஒன்றும் இல்லை. அட்டையில் மையைக் கொட்டித் தாளை மடித்துப் பிரித்தது போல ஒரு தங்க நிற உருவம் இருக்கிறது, அது ஆண்டி வார்ஹோலின் ஓவியம். யார் பார்த்தாலும் அவரவர் மனதில் இருப்பது தெரியும் என்று மனநல மருத்துவர்கள் காட்டுவார்களே, அந்த மைக்கறைப் படத்தை வைத்து அவர் வரைந்தது. பாட்டு வரிகளைப் பற்றிய புத்தகத்துக்கு இதைவிடப் பொருத்தமான அட்டை கிடைக்காது. உள்ளே படங்கள் நிறைய, அச்சு நன்றாக இருக்கிறது, ஆனால் குறிப்புகளின் எழுத்து சிறியது. இரவில் படுத்துக்கொண்டு படிக்க முடியாது, மேஜையில் வைத்து நல்ல வெளிச்சத்தில்தான் படிக்க வேண்டும்.

கட்டுரைகளின் எழுத்து நடை சரளமாக இருப்பதற்கு ட்ரீம் ஹாம்ப்டன் என்கிற பத்திரிகையாளருக்கும் நன்றி சொல்ல வேண்டும், அவர்தான் கூட இருந்து எழுத உதவியவர். இதற்குச் சில வருடங்கள் முன்பே இருவரும் சேர்ந்து ஒரு முழுச் சுயசரிதை தயார் செய்து, தன் வாழ்க்கை அளவுக்கு மேல் வெளியே தெரிகிறது என்று ஜே-ஸீ அதை வெளியிடாமல் நிறுத்திவிட்டார். அது தெரிந்த பிறகுதான் இந்தப் புத்தகம் ஏன் இப்படி இருக்கிறது என்பது எனக்குப் புரிந்தது. என்னைப் பற்றிக் கேட்காதீர்கள், பாட்டைப் பற்றிக் கேளுங்கள், அங்கேயே எல்லாம் இருக்கிறது என்கிறார்.

கதை 1978 கோடையில் ஆரம்பிக்கிறது. இடம் நியூயார்க்கின் ப்ரூக்ளினில் மார்ஸி ஹவுஸஸ். ஆறு மாடிக் கட்டடங்கள் 27, நம் ஹவுஸிங் போர்டு குடியிருப்பு மாதிரி அரசு கட்டிக் கொடுத்தது. ஒன்பது வயதுப் பையன் வெளியே வருகிறான், பிள்ளைகள் வட்டமாக நிற்கிறார்கள். உள்ளே ஸ்லேட் என்று ஒரு பையன், அதுவரை யாரும் பெரிதாகக் கவனிக்காத பையன், எதுகை மாதிரி ஒலி சேர்த்துச் சேர்த்து நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருக்கிறான். சுற்றி நிற்பவன் போட்டிருக்கும் ஷூவைப் பற்றி ஒரு வரி, தன் பெருமையைப் பற்றி ஒரு வரி, அந்த நேரத்தில் கண்ணில் படுகிற எதுவாக இருந்தாலும் அடுத்த வரிக்குள் வந்துவிடுகிறது. இதைப் படித்தபோது எனக்கு ஆசுகவிகள்தான் ஞாபகம் வந்தார்கள், கொடுத்த பொருளுக்கு நின்ற இடத்தில் பாட்டுக் கட்டியவர்கள். ஒன்பது வயதுப் பையனுக்கு அந்த வட்டத்தின் நடுவில் நிற்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. அன்றிரவே எழுத ஆரம்பித்துவிட்டான்.

அப்புறம் ஒரு பச்சை நோட்டு வருகிறது. கோடு போடாத தாள். அதில் நெடுக்கும் குறுக்குமாக இடம் விடாமல் எழுதி நிரப்புகிறான். சமையலறை மேஜையில் தாளம் தட்டித் தட்டி வீட்டில் இருப்பவர்களைத் தூங்கவிடுவதில்லை. சொல் கையிருப்பு வேண்டும் என்று அகராதியை எடுத்து வைத்துப் படிக்கிறான். இந்தப் பக்கங்களை நான் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அகராதி படித்த பாடலாசிரியரை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சொல்ல மாட்டேன், நம்மிடமும் நிகண்டு மனப்பாடம் செய்த தலைமுறை ஒன்று இருந்தது.

புத்தகத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதற்கு அடுத்த கட்டம். பதின்ம வயதில் அவர் தெருவில் போதைப்பொருள் விற்கப் போய்விடுகிறார், அதை மறைக்கவில்லை. அங்கே நோட்டு கையில் இருக்காது, ஆனால் வரிகள் வந்துகொண்டே இருக்கின்றன. கடையில் கொடுக்கும் பழுப்புக் காகிதப் பையைக் கிழித்து அதில் எழுதி பாக்கெட்டில் திணித்துக்கொள்கிறார். நாளடைவில் அதுவும் சரிப்படவில்லை. வரியை மனதிலேயே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, மறக்காமல் இருக்கத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, அந்தப் பழக்கம் ஊறி ஊறி, பின்னாளில் ஸ்டூடியோவில் காகிதமே இல்லாமல் முழுப் பாட்டையும் தலைக்குள் கட்டி நேராக மைக் முன் போய் நிற்கிறவராக ஆகிவிட்டார்.

இதை அவருடைய ரசிகர்கள் ஒரு வித்தையாகச் சொல்வார்கள். எனக்கு இதில் ஒரு தொழில் ரகசியம் தெரிகிறது. காகிதத்தில் எழுதினால் கண்ணுக்கு அழகாக இருக்கும் வரி கூடத் தப்பித்துவிடும். மனதில் வைத்துச் சொல்லிச் சொல்லிப் பார்த்தால், நாக்கில் நிற்காத வரி அடுத்த நாள் காலையில் தானாகவே மறந்துபோயிருக்கும். அதாவது மறதியே எடிட்டர். எழுத்து பரவலாக இல்லாத காலத்தில் நம் பாட்டுகள் எதுகையையும் மோனையையும் இறுகப் பிடித்துக்கொண்டதும் இதற்காகத்தானே, நினைவில் நிற்க வேண்டும் என்பதற்காக. அவர் இந்த ஒப்பீட்டுக்கெல்லாம் போகவில்லை, ஆனால் சொல்வது அதுதான்.

தாளத்தைப் பற்றி அவர் எழுதியிருக்கும் பகுதி சின்னது, ஆனால் ஆழமானது. பீட் என்பது நேரம் மாதிரி, அது யாருக்காகவும் நிற்காது, ஒரே சீராகப் போய்க்கொண்டே இருக்கும். அதன் மேல் சொற்கள் ஓடுகிற ஃப்ளோ என்பது வாழ்க்கை மாதிரி, அந்த நேரத்துக்குள் நாம் எப்படி வாழ்கிறோம் என்பது மாதிரி, சில இடத்தில் முந்தும், சில இடத்தில் பின்தங்கும், சில இடத்தில் சும்மா நிற்கும் என்கிற பொருளில் சொல்கிறார். மெட்டுக்கு எழுதுகிற எங்களைப் போன்றவர்கள் தத்தகாரத்தை வைத்துக்கொண்டு 'தானன தந்தன' என்று அளந்து சொல்லை நிரப்புகிறோம். அளவு சரியாக இருக்கும், ஆனால் மூச்சு இருக்காது. ராப்பில் மெட்டு கிடையாது, அதனால் எந்த அசையில் மூச்சு விடுவது, எந்தச் சொல்லைப் பீட்டுக்குக் கொஞ்சம் பின்னால் தள்ளிச் சொல்வது என்பதெல்லாம் எழுதுகிறவரின் வேலையாகிவிடுகிறது. இந்த அத்தியாயத்துக்குப் பிறகு நான் வரிகளை எழுதி அனுப்புவதை நிறுத்திவிட்டேன். சொல்லிப் பதிவு செய்துதான் அனுப்புகிறேன்.

சரி, குறிப்புகளுக்கு வருவோம். இரட்டை அர்த்தம் என்றால் நமக்குக் காளமேகம். பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே பாட்டில் பொருள் வைத்தவர். சிலேடை கேட்டு வளர்ந்த காதுக்கு ஜே-ஸீயின் குறிப்புகள் கொண்டாட்டமாக இருக்கும். எல்லோருக்கும் தெரிந்த '99 ப்ராப்ளம்ஸ்' பாட்டையே எடுத்துக்கொள்கிறேன். 2003இல் வந்த 'தி பிளாக் ஆல்பம்' தொகுப்பில் இருப்பது, ரிக் ரூபின் இசை. அதன் ஹூக்கில், அதாவது திரும்பத் திரும்ப வருகிற பல்லவியில், பெண்களைத் திட்டுகிற ஒரு சொல் வருகிறது. அந்த வரியே ஐஸ்-டி என்கிற முன்னோடி ராப்பரின் பாட்டிலிருந்து எடுத்தது. பாட்டு வந்ததும் விமர்சகர்கள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாவது வெர்ஸில், நம் கணக்கில் சரணத்தில், அந்தச் சொல்லுக்குப் பொருளே வேறு என்கிறார் அவர்: 1994இல் நடந்த சம்பவம் அது, காரில் போதைப்பொருளை ஒளித்து வைத்துக்கொண்டு போகும்போது போலீஸ் நிறுத்துகிறது, சோதனை போட அவர் ஒத்துக்கொள்ளவில்லை, மோப்ப நாயைக் கூப்பிடுகிறார்கள், நாய் வரத் தாமதமாகிறது, வேறு வழியில்லாமல் அனுப்பிவிடுகிறார்கள். அந்தச் சொல் அங்கே பெண் நாயைக் குறிக்கிறது, அகராதியில் இருக்கிற முதல் பொருள். கறுப்பு இளைஞன் என்பதால் நிறுத்திய போலீசும் சரியில்லை, காரில் சரக்கு வைத்திருந்த நானும் சரியில்லை, இரண்டையும் ஒரே வெர்ஸில் வைத்தேன் என்கிறார். இந்த ஒரு வெர்ஸை வரிவரியாக எடுத்து, வாகனச் சோதனைச் சட்டம் பாட்டில் எங்கே சரி, எங்கே தப்பு என்று 2012இல் ஒரு அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் முழுக் கட்டுரையே எழுதினார். ஒரு பாட்டுக்கு இதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்க முடியும்.

ஆனால் இந்த விளக்கத்தோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. சிலேடை என்றால் இரண்டு பொருளும் பாட்டில் உயிரோடு இருக்கும். நான் சொன்னது நாயைத்தான் என்று ஒரு பொருளைக் காட்டி மற்றதிலிருந்து தப்பிக்க முடியாது. ஹூக்கைக் கூட்டம் சேர்ந்து கத்தும்போது யாருக்கும் நாய் ஞாபகம் வருவதில்லை, அது அவருக்கும் தெரியும். பெண்களைப் பற்றிய மொழி வருகிற இடங்களில் எல்லாம் புத்தகம் இப்படித்தான் கொஞ்சம் நழுவுகிறது. மற்ற இடங்களில் தன்னைத் தானே கூர்மையாகக் கேள்வி கேட்கிறவர் இங்கே வக்கீல் மாதிரி பேசுகிறார். புத்தகம் வெளிவந்த சமயத்தில் கொடுத்த ஒரு பேட்டியில் அவர் இதைவிட நேர்மையாகப் பேசினார். சில வரிகளை எழுத்தில் பார்க்கும்போது ஆழம் கூடுகிறது, ஆனால் 2000இல் பெரிய ஹிட் ஆன தன்னுடைய 'பிக் பிம்பின்' வரிகளை எழுத்தில் பார்த்தபோது இதையா நான் சொன்னேன் என்று இருந்தது என்றார். அந்த உணர்வு புத்தகத்துக்குள் இன்னும் நிறைய வந்திருக்க வேண்டும். அதே போல, அவர் விற்ற சரக்கை வாங்கியவர்களுக்கு என்ன ஆனது என்பதும் குறைவாகத்தான் வருகிறது. வருத்தம் இருக்கிறது, விற்றவனின் வருத்தமாக இருக்கிறது.

எனக்கு ரொம்ப நாள் நெருடிய இன்னொரு இடம் 'ஹார்ட் நாக் லைஃப்'. 1998இல் அவரை உலகம் முழுக்கக் கொண்டுபோன பாட்டு. 'ஆனி' என்கிற பிராட்வே இசை நாடகத்தில் அனாதைப் பெண் குழந்தைகள் பாடுகிற பல்லவியை எடுத்து பீட்டில் கோத்தது. அதைப் பயன்படுத்த உரிமை கிடைப்பதில் சிக்கல். அப்போது அவர் உரிமையாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார்: பள்ளியில் நடந்த கட்டுரைப் போட்டியில் ஜெயித்து, பரிசாக அந்த நாடகத்தை நேரில் பார்த்தேன், அன்றே என் மனதில் பதிந்துவிட்டது என்று. அத்தனையும் கற்பனை, அவர் அந்த நாடகத்தை மேடையில் பார்த்ததே கிடையாது. உரிமை கிடைத்துவிட்டது. இதைப் புத்தகத்தில் அவரே சொல்கிறார்.

முதல் தடவை படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. படைப்பு நேர்மை என்று பக்கம் பக்கமாகப் பேசுகிறவர் பொய்க் கடிதம் எழுதலாமா? மூன்றாவது தடவை படிக்கும்போது வேறு ஒன்று கண்ணில் பட்டது. கடிதம் பொய், ஆனால் பாட்டு பொய் இல்லை. மார்ஸியில் வளர்ந்த பிள்ளைகளும் அந்த நாடகத்தின் அனாதைப் பிள்ளைகளும் ஒன்றுதான், இரண்டு பேரும் உலகம் தங்களை எப்படி நடத்துகிறதோ அதை நெஞ்சை நிமிர்த்திப் பாடுகிறார்கள் என்று அவர் கண்டுபிடித்தது உண்மையான கண்டுபிடிப்பு. இருந்தாலும் கடிதத்தை நான் சரி என்று சொல்ல மாட்டேன். உண்மையையே எழுதிக் கேட்டிருக்கலாம். அந்த உண்மை அவ்வளவு பலமானது.

இப்போது எனக்குச் சொந்தமாக வலிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு தனிப்பாடலுக்கு மெட்டு வந்தது. மூன்று நாள் உட்கார்ந்து, துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் அப்பாவைப் பற்றி இரண்டு சரணம் எழுதினேன். இசையமைப்பாளர் கேட்டுவிட்டு, "நல்லாருக்கு பிரதர், ஆனா ரீல்ஸ்ல நிக்காது. ஹூக்க வச்சுக்குவோம், மீதிய லைட்டா பண்ணிக் குடுங்க" என்றார். பண்ணிக் கொடுத்தேன். பாட்டு ஓடியது, பணமும் வந்தது. அப்பா கேட்டுவிட்டு நல்லா இருக்குடா என்றார். அவர் அந்தப் பாட்டில் இல்லை என்று அவருக்குத் தெரியாது.

'தி பிளாக் ஆல்பம்' தொகுப்பிலேயே 'மொமென்ட் ஆஃப் கிளாரிட்டி' என்று ஒரு பாட்டு இருக்கிறது. அதில் ஜே-ஸீ வெளிப்படையாக ஒத்துக்கொள்கிறார்: கேட்பவர்களுக்காக என் எழுத்தை மட்டுப்படுத்தினேன், வருமானம் இரட்டிப்பானது, திறமைக்குத்தான் விற்பனை என்றால் நானும் ராப்பர் டாலிப் க்வேலி மாதிரி எழுதியிருப்பேன், இன்னொரு ராப்பரான காமன் மாதிரி எழுதத்தான் ஆசை, ஆனால் ஐம்பது லட்சம் பிரதி விற்ற பிறகு அப்படி எழுதவில்லை என்று. ராப் உலகில் இப்படி யாரும் சொல்வதில்லை. எல்லோரும் நான் மாறவே இல்லை என்றுதான் பாடுவார்கள்.

அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டுப் புத்தகத்தைப் படித்தால் அவர் எடுத்த வழி தெரிகிறது. மேல்பரப்பை எளிமையாக்குவது, உள்ளே இருப்பதை எடுக்காமல் இன்னும் ஆழத்தில் புதைப்பது. டான்ஸ் ஃப்ளோரில் இருப்பவனுக்கு ஒரு பாட்டு, நான்காவது முறை கேட்பவனுக்கு இன்னொரு பாட்டு, தெருவில் அவரோடு நின்றவனுக்கு மூன்றாவது பாட்டு, மூன்றும் ஒரே வரியில். அவர் தரும் குறிப்புகளில் பாதி, பத்துப் பதினைந்து வருடம் யாரும் கவனிக்காமல் போன விஷயங்கள். கவனிக்காமல் போவார்கள் என்று தெரிந்தே வைத்தவை. இதை வாசித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. லைட்டாகப் பண்ணச் சொன்னபோது நான் அப்பாவை வெட்டி எடுத்துவிட்டேன். ஹூக்குக்குள்ளேயே அவரை ஒரு சொல்லில் வைத்திருக்க முடியும், மூட்டை என்கிற ஒரு சொல் போதும். எனக்கு அது தோன்றவில்லை.

இந்த வழி எப்போதும் பலிக்கிறதா? இல்லை. அவருடைய ஹிட்டுகளில் சிலவற்றில் மேல்பரப்பு மட்டும்தான் இருக்கிறது, எவ்வளவு தோண்டினாலும் ஒன்றும் கிடைக்காது. ஆனால் 'மீட் த பேரன்ட்ஸ்' மாதிரி ஒரு பாட்டைப் பாருங்கள். சிறு வயதில் விட்டுவிட்டுப் போன மகனை, வளர்ந்த பிறகு தெருவில் எதிரே நிற்கும்போது யாரென்று தெரியாமல் அப்பனே சுட்டுவிடுகிறான். பதினோரு வயதில் தன் அப்பா விட்டுவிட்டுப் போன பிள்ளை எழுதிய கதை இது. புத்தகத்தில் அப்பாவைப் பற்றிய பக்கங்கள்தான் குரல் தாழ்ந்து வருகிற பக்கங்கள். அப்பாவின் சகோதரர் கொலை செய்யப்பட்டது, பழிவாங்க அலைந்து அந்த மனிதர் உடைந்துபோனது, 2003இல் அப்பா சாவதற்கு முன்னால் அம்மா குளோரியா ஏற்பாடு செய்து இருவரும் சந்தித்தது. பாட்டு 2002இல் வந்துவிட்டது, சந்திப்பு அடுத்த வருடம். பாட்டில் அப்பனுக்குக் கிடைக்காத அந்த நிமிடம் நிஜத்தில் இருவருக்கும் கிடைத்தது. அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அப்பாவுக்குப் போன் செய்தேன்.

வெற்றியைப் பற்றிய அத்தியாயத்தில் ஓவியர் பாஸ்கியா வருகிறார். 27 வயதில் போய்விட்டவர். பெரும்பாலான இளம் அரசர்களின் தலை வெட்டப்படும் என்ற பொருளில் தன் ஓவியம் ஒன்றிலேயே எழுதியவர். ஜே-ஸீ அதை எடுத்துத் தன் பாட்டு ஒன்றுக்கே தலைப்பாக வைத்து, உச்சிக்குப் போனவர்களுக்கு என்ன நடக்கிறது என்று யோசிக்கிறார். எல்லா நிறுவனமும் கைவிரித்ததால் டேமன் டேஷ், கரீம் பர்க் இருவரோடும் சேர்ந்து ராக்-அ-ஃபெல்லா என்று சொந்த இசை நிறுவனம் தொடங்கி, 1996இல் முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்தவர் அவர். அதனால் சொந்தக் காலில் நிற்பதுதான் படைப்புச் சுதந்திரம் என்கிற அவர் பேச்சில் அனுபவம் இருக்கிறது. ஆனால் உடை வியாபாரம், ஷாம்பெயின் சர்ச்சை என்று போகிற பக்கங்களை நான் வேகமாகப் புரட்டிவிட்டேன். இங்கிலாந்தின் 2008 கிளாஸ்டன்பரி இசை விழாப் பகுதி மட்டும் விதிவிலக்கு. அங்கே ராப்பர் எதற்கு என்று ஒயாசிஸ் என்கிற ராக் குழுவின் நோயல் கேலகர் கேட்டதற்கு, கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடைக்கு வந்து ஒயாசிஸின் பாட்டையே பாடித் தொடங்கியது. ராப் இசையே இல்லை என்று சொல்கிறவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள், அவர்களுக்கு அந்தப் பக்கங்களைப் படித்துக் காட்டலாம்.

யாருக்கு இந்தப் புத்தகம்? பாட்டு எழுதுகிறவர்கள், எழுத ஆசைப்படுகிறவர்கள் யோசிக்காமல் வாங்கலாம், நீங்கள் எழுதுவது கானாவாக இருந்தாலும் சரி, மெலடியாக இருந்தாலும் சரி. ராப் பழக்கமில்லாதவர்களுக்கு ஆரம்பம் கடினமாக இருக்கும், ப்ரூக்ளின் தெருப் பேச்சு அகராதியில் கிடைக்காது, ஆனால் குறிப்புகளிலேயே பாதிச் சொற்களுக்குப் பொருள் வந்துவிடுகிறது. வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. பாட்டை முதலில் ஒரு தடவை கேளுங்கள், ஒன்றும் புரியாவிட்டாலும் பரவாயில்லை. பிறகு வரிகளை மட்டும் வாசியுங்கள். அப்புறம் குறிப்பு. கடைசியில் மறுபடியும் பாட்டு. ஒரு நாளைக்கு ஒரு பாட்டுக்கு மேல் வேண்டாம். குறிப்புகளை மட்டும் தொடர்ந்து படித்தால் விடுகதைக்கு விடை மட்டும் படித்த மாதிரி சப்பென்று போய்விடும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கவனம், கெட்ட வார்த்தைகள் எதையும் மறைக்காமல் அப்படியே அச்சிட்டிருக்கிறார்கள்.

2017இல் பாடலாசிரியர்களுக்கான அமெரிக்கப் புகழ் மன்றத்தில் முதல் ராப்பராக இவரைச் சேர்த்தார்கள். 2023இல் ப்ரூக்ளின் பொது நூலகத்தின் முகப்புச் சுவர் முழுக்க இவருடைய வரிகளை எழுதி வைத்துக் கண்காட்சி நடத்தினார்கள். பழுப்புப் பையைக் கிழித்து எழுதிய அதே ஊரில். அந்தப் புகைப்படத்தை அச்சிட்டு இந்தப் புத்தகத்துக்குள் செருகி வைத்திருக்கிறேன், பச்சை நோட்டு வருகிற பக்கத்தில்.

புதிதாக வாங்குகிறவர்கள் சாதா அட்டைப் பதிப்பைப் பாருங்கள், எடை குறைவு, கூடுதலாக மூன்று பாடல்களுக்குக் குறிப்பும் சேர்த்திருக்கிறார்கள். என் கெட்டி அட்டையில் அந்த மூன்றும் இல்லை, அதனால் அதையும் தேடிக்கொண்டிருக்கிறேன்.